மூணாவது பாடுதா?

லிபோரியோவின் பட்டறைக்கும் என் பெட்ரோல் பங்குக்கும் நடுவில் ஒரு ரோடுதான். மதோனியே மலையிலிருந்து இறங்குகிற வண்டிகள் கருகிய பிரேக் வாசனையோடு அங்கே வந்து மூச்சு வாங்கும். பெட்ரோல் என்னிடம்; மற்றதெல்லாம் அவரிடம். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இடையில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் அகதீனா அக்காவின் சமையலறை. பூண்டு வதங்குகிற வாசனை பட்டறைக்குள்ளும், கிரீஸ் வாசனை பாஸ்தாவுக்குள்ளும் போய்வந்துகொண்டிருக்கும். எனக்குக் குடும்பம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

அந்த வருஷம் பிப்ரவரியில் செஃபாலுவில் இருந்து பல் டாக்டர் லுபோ தன் அப்பாவின் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இரண்டு பேர் உட்காருகிற திறந்த வண்டி. வயது முப்பதுக்கு மேல். அப்பாக்காரர் அந்தக் காலத்தில் எங்கள் மலை ரேஸில் அதை ஓட்டியிருக்கிறார். மே மாதம் பழைய வண்டிகள் எல்லாம் சேர்ந்து அதே மலை ரோட்டில் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. டாக்டருக்கு அதில் ஓட்ட ஆசை. இரண்டாவது கியர் உறுமியது. மூன்றாவது கியர் போட்ட கொஞ்ச நேரத்தில் தானாகவே நழுவி வெளியே வந்தது.

"கியர்பெட்டியப் பிரிக்கணும்" என்றார் லிபோரியோ.

"எவ்வளவு நாளாகும் மேஸ்திரி?" என்று டாக்டர் கேட்டார்.

லிபோரியோ சிரித்துக்கொண்டே தலையாட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைக் கடந்து வந்து, லிபோரியோவின் முகத்துக்கு நேராக நின்று, "எவ்வளவு நாளுன்னு கேக்காரு" என்று வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எதுக்குக் கத்துத? ஆறு வாரம்."

அவருக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முழுக்கப் போகவில்லை. கதவை அடித்துச் சாத்தினால் திரும்புவார். நாற்பது வருஷமாகச் சைலன்சர் இல்லாத இஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்ற காது. ஊருக்கே தெரியும். ஆனால் தெரியாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் ஊருக்குத் தெரியும். பலெர்மோவில் போய்க் காட்டலாம் என்று அக்கா ஒரு தடவை சொன்னதற்கு, "காதுல மெஷின் வச்ச மெக்கானிக்கிட்ட எவன் வண்டிய விடுவான்?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாராம்.

ஏனென்றால் அந்தப் பகுதியில் லிபோரியோ என்றாலே காதுதான். ஒரு நீளத் திருப்புளியின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதால்தான் மகனையும் இழந்தார். கந்தோல்ஃபோ பத்து வருஷம் அவரிடம் வேலை செய்தான். நல்ல கை. ஒருநாள் அவன் பூட்டிய கியர்பெட்டி ஒன்று லேசாகப் பாடியது. பாடுகிறது என்பது அவர்கள் தொழில் பேச்சு. பல் பல்லோடு சரியாகச் சேராவிட்டால் ஓடும்போது ஒரு மெல்லிய கீச்சு வரும். வண்டிக்காரர்கள் நான்கு பேர் நிற்கும்போதே, "உனக்குக் காதே இல்லடா. காது இல்லாதவனுக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயந்திரமே அவன் வடக்கே கார் ஆலைக்கு ரயிலேறினான். ஒன்பது வருஷம். கல்யாணம்கூட அங்கேயே.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபோன் வரும். ஒரு மணிக்கு, பாஸ்தாவைத் தண்ணீரில் போடுகிற நேரத்துக்கு. ஃபோன் நடைவழியில் ஒரு பலகை மேல் இருந்தது. அக்கா பேசுவாள். பிறகு சாப்பாட்டு மேஜைக்கு வந்து, கணவர் காதருகே குனிந்து, கத்தி ஒப்பிப்பாள்.

"நல்லாருக்கானாம்! அங்க இன்னும் பனியாம்! அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டான்!"

"என்ன வேல ஓடுதுன்னு கேட்டானா?"

"கேட்டான்! டாக்டர் வண்டிய சொன்னேன்! ரெண்டாவது கியர் ரிங் தேஞ்சிருக்கும்னு சொன்னான்!"

"அட, சரியாச் சொல்லிட்டானே!" என்று லிபோரியோ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "தூரத்துல இருந்தே சொல்லுதான் பாரு."

நான் உட்காருகிற நாற்காலி நடைவழிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஃபோன் தெரியும். கந்தோல்ஃபோ இரண்டு நிமிஷத்தில் பேசி முடித்துவிடுவான். ஃபோனில் கூ என்று ஒற்றைச் சத்தம் வரும். அதற்குப் பிறகும் அக்கா ரிசீவரைக் காதில் வைத்து, "ஆமாப்பா… சொல்லுதேன்பா… அப்பாவும் உன்னைத்தான் கேட்டாரு…" என்று பேசிக்கொண்டே இருப்பாள். மேஜையில் இருந்து அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா, அவருக்காக. நான் எனக்கென்ன என்று ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருப்பேன்.

பெட்டியைப் பிரித்த அன்று நானும் கூட இருந்தேன். அடியில் இருக்கிற திருகைக் கழற்றி, எனாமல் பேசினில் எண்ணெயை வடித்தார். கறுப்பாக, சோம்பலாக இறங்கியது. இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். பித்தளைத் தூள் மினுங்கியது.

"டாக்டர்ட்ட சொல்லு, பல்லுல அடைக்கத் தங்கம் இங்க கெடக்குன்னு."

மேல் மூடியைத் திறக்கும்போது ஒரு துணியைப் போர்த்திக்கொண்டார். உள்ளே கியர்க் கம்பிகளுக்கு அடியில் ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் இருக்கும். விட்டால் துள்ளிப் போய்விடும். ஒரு பழைய போர்வையைத் தரையில் விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். தண்டு, பல்சக்கரம், வளையம், காகிதம் போன்ற வாஷர்கள். அந்தப் பக்கம் துடைப்பம் வரக்கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு.

"என் கல்யாணச் சீர்வரிசையக்கூட இப்படி அடுக்கி வைக்கல நித்தோ" என்றாள் அவள் என்னிடம்.

மூன்றாவது கியரில் நான்கு பல் உடைந்திருந்தது. புதிது எங்கேயும் கிடைக்காது. கத்தானியாவில் பழைய வண்டி உடைக்கிற இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதே மாதிரி ஒரு பெட்டி வாய் பிளந்து கிடந்தது. மேல் தண்டில் இருந்த மூன்றாவது கியர் நன்றாக இருந்தது. அதோடு சேர்ந்து ஓடுகிற கீழ்த்தண்டு துருவேறி, கழற்ற வராமல் ஒட்டிக்கிடந்தது. அரைநாள் மல்லுக்கட்டினோம். மழை வேறு. கடைசியில் மேல் பல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

திரும்பும் வழியில் அதைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"ஜோடி பிரிஞ்ச பல்லு நித்தோ. வேற வீட்டுல வாழ்ந்து தேஞ்சது. நம்ம பெட்டியில இருக்கறதோட ஒத்துப்போகவும் செய்யும், போகாமலும் இருக்கும். ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். பாடலைன்னா விட்டுருவேன். பாடுச்சுன்னா, திரும்ப அங்க போய் அந்தக் கீழ்த்தண்டக் கழட்டாம விட மாட்டேன்."

பூட்டுகிற வேலை மூன்று வாரம் எடுத்தது. பெட்டியின் அலுமினியக் கூட்டை அக்காவின் ரொட்டி அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். பேரிங்குகள் ஃப்ரீசருக்குள், அவள் உரித்து வைத்திருந்த பட்டாணிக்குப் பக்கத்தில். சூட்டில் கூடு விரியும், குளிரில் பேரிங் சுருங்கும்; அடிக்காமலே உள்ளே உட்கார்ந்துவிடும். "ஏ மனுஷா, இருநூறு டிகிரி போதுமா, இல்ல மேல கொஞ்சம் சீஸ் தூவணுமா?" என்று அக்கா கேட்டாள். அவர் உதட்டைப் படித்துவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். பேரிங் சத்தமில்லாமல் இறங்கியபோது, பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர் மாதிரி கையை மெதுவாக எடுத்தார். அந்த மூன்று வாரம் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

புனித ஜோசப் திருநாளுக்கு மறுநாள் வண்டி ரோட்டில் இறங்கியது. ஆப்பிரிக்காவில் இருந்து ஷிரோக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் பெட்ரோல் பம்புகளின் மேலெல்லாம் செம்மண் தூசி. அக்கா தலையில் துணியை இறுக்கிக் கட்டி, கைப்பையை மடியில் வைத்து, கோயிலுக்குப் போகிறவள் போல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி வளைவு வரைக்கும் போய்விட்டு வந்தார்கள். வண்டியை நிறுத்தியதும் அவர் பட்டறைக்குள் துணி எடுக்கப் போனார். அக்கா நேராக என்னிடம் வந்து சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நித்தோ, அடுத்து உன்னைத்தான் கூட்டிட்டுப் போவாரு. காத்து இரைச்சலா இருக்கு, சரியாக் கேக்கல, மூணாவது பாடுதான்னு கேப்பாரு. எங்கிட்ட மூணு தடவை கேட்டாச்சு."

"பாடுதா அக்கா?"

"பாட்டிலுக்குள்ள குளவி மாட்டின மாதிரி பாடுது." அவள் கண் கலங்கியிருந்தது. "நான் இல்லைன்னு சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லிரு."

"பாடுனா பிரிச்சிருவேன்னுதானே அக்கா சொன்னாரு? அவருக்கு அது வேலதானே?"

"பாடுதுன்னு சொன்னா, அவ்வளவு சத்தமும் தன் காதுல விழலைன்னு தெரிஞ்சிரும்ல? இவ்வளவு நாளும் கொஞ்சம் மந்தம்னுதான் நெனச்சிட்டிருக்காரு. அந்த மூஞ்சிய என்னால பார்க்க முடியாது. டாக்டர் வருஷத்துல ஒருநாள் ஓட்டப் போறாரு. பாடிட்டுப் போகட்டுமே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் ஏறி உட்கார்ந்தேன். முதலாவது, இரண்டாவது, எல்லாம் வெண்ணெயில் கத்தி போனது போல். ஏற்றத்தில் மூன்றாவதைப் போட்டார். உடனே கீச்சு எழுந்தது. காற்றெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. ரோட்டோரம் கூனைப்பூ வயலில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்தப் பாழாப்போன காத்து!" என்று கத்தினார் லிபோரியோ. "ஒண்ணும் சரியாக் கேக்கல. மூணாவது பாடுதா?"

"இல்ல மேஸ்திரி!"

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார். ரோட்டைப் பார்க்கவே இல்லை என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஒன்று செய்தார். கியர்க் கம்பியின் குமிழ் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே விட்டுவிட்டார். கியர் போட்டதும் கையை எடு, கையின் கனம் உள்ளே கியரைத் தள்ளுகிற கவையைத் தின்றுவிடும் என்று நாற்பது வருஷமாக ஊரில் எல்லோரையும் திட்டியவர். என்னையே எத்தனை தடவை புறங்கையில் அடித்திருக்கிறார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டி வரும்வரைக்கும் கையை எடுக்கவில்லை.

"பாடலையா?"

"சுத்தமா இல்ல மேஸ்திரி. பட்டு மாதிரி இருக்கு."

"நல்லது" என்றார்.

திரும்பி வந்ததும் வண்டியை என் பங்கின் பக்கம் கொண்டுவராமல் நேரே பட்டறைக்குள் விட்டார். ஜாக்கியை அடியில் தள்ளினார். எண்ணெய் வடிக்கிற பேசினை இழுத்து வைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா இடைக்கதவில் வந்து நின்றாள்.

"சாப்பாடு ஆறுது மனுஷா" என்றாள், வழக்கம்போல் கத்தி.

அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நானும் பின்னால் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நேற்றைய திருநாள் மிச்சம். காய்ந்த பெரும்பயற்றை மசித்த கஞ்சி, காட்டுச் சோம்பு போட்டது. கரண்டியைத் தொடவில்லை.

"மூணாவது பாடுது."

அக்கா ரொட்டி அறுப்பதை நிறுத்தினாள்.

"கையிலே தெரியுது. சில்வண்டப் பிடிச்ச மாதிரி துடிக்குது. என் கைக்குத் தெரியுறது உன் காதுக்குத் தெரியாமப் போச்சா அகதீனா?"

"காத்து…" என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள்.

"காத்துன்னு நான் சொல்லலாம். நீ சொல்லக்கூடாது. காது போச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதானே கேட்டேன்? கேக்காதவன் வேற யாருகிட்டப் போய்க் கேப்பான்?" குரல் உயரவில்லை. காது போனதில் இருந்து அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்று மட்டும் எங்கிருந்தோ அந்தப் பழைய மெல்லிய குரல் வந்தது. "என் காத உங்கிட்டக் கொடுத்து வச்சிருந்தேன்."

அக்கா அடுப்புத்துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

அவர் நடைவழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை பேசுதானே, கந்தோல்ஃபோ. என்னைய விசாரிக்கானா?"

அவள் முகத்தைத் திருப்பப் போனாள். "இங்க பாரு. எனக்கு உன் வாய் தெரியணும்" என்றார்.

"நல்லாருக்கான். வேலைக்குப் போறான்…"

"நான் கேட்டது அது இல்ல."

"இல்ல" என்றாள். சத்தமே வராமல் உதடு மட்டும் அசைந்தது. அவருக்கு அது போதும்.

"ஒரு தடவைகூட?"

"முன்னாடி நீ அடுத்த ரூம்ல உட்கார்ந்து காதக் கொடுத்துக் கேட்டிட்டிருப்ப. உன் பேரு வரலைன்னு உனக்கே தெரியும். ஒண்ணும் கேக்க மாட்ட. காது போன பிறகு, மொதத் தடவையா வந்து, என்ன சொன்னான்னு எங்கிட்டக் கேட்ட. சின்னப் புள்ள மாதிரி நின்ன. அன்னைக்கு ஒண்ணும் சொல்லலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அடுத்த வாரமும் கேட்ட. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

"ரெண்டாவது ரிங் தேஞ்சிருக்கும்னு சொன்னது?"

"நீ அதுக்கு முந்தின நாள் நித்தோகிட்டச் சொன்னத நான் கேட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். கரண்டியை எடுத்து, ஆறிப்போன கஞ்சியை முழுவதும் சாப்பிட்டார். தட்டை ரொட்டியால் துடைத்தார். பிறகு பட்டறைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் தனியாகக் கத்தானியாவுக்குப் போனார், கீழ்த்தண்டை எடுக்க. என்னைக் கூப்பிடவில்லை. பஸ் வளைவில் மறைந்ததும் அக்கா ரோட்டைக் கடந்து என் பங்குக்கு வந்தாள். வீட்டு ஃபோனைத் தொடப் பிடிக்கவில்லை என்றாள். ஆலை நேரம், அவன் வீட்டில் மருமகள்தான் எடுத்து, ஆலையின் நம்பரைக் கொடுத்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கந்தோல்ஃபோ லைனில் வந்தான்.

"அப்பாவுக்குக் காது கேக்காது" என்றாள் அக்கா, முன்பின் எதுவும் இல்லாமல். "ரெண்டு வருஷமாச்சு. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. மத்த யாருக்குத் தெரிஞ்சாலும் உனக்கு மட்டும் தெரியக்கூடாதாம். உன்னை என்ன சொல்லி விரட்டுனாருன்னு அவரு மறக்கல."

அந்தப் பக்கம் ஆலையின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். மூன்றாவது கியர் பாடியதை, தான் இல்லை என்றதை, ஞாயிற்றுக்கிழமைப் பொய்களை. சொல்லச் சொல்ல, நான் பங்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் வைத்துவிட்டு, "அழுதான்" என்றாள்.

அவனை அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லலாமே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். லிபோரியோவுக்கு எண்கள் தெரியும், அளவு தெரியும். எழுத்துதான் வராது. கடிதம் வந்தாலும் படித்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு முன்பே ஃபோன் அடித்தது. அக்கா ஓடினாள். நான் என் நாற்காலியில் இருந்தேன். லிபோரியோ ஃபோன் பக்கம் முதுகு காட்டி, இடம் மாறி உட்கார்ந்திருந்தார். மத்தி மீன் பாஸ்தா. சீஸைத் துருவிக்கொண்டிருந்தார்.

அவன் கத்திக்கொண்டிருந்தான். அங்கிருந்தே அவ்வளவு தூரமும் கேட்டுவிட வேண்டும் என்பது மாதிரி. "அம்மா, அப்பாவ ஃபோன்கிட்டக் கூப்பிடு! அப்பா எப்படி இருக்காரு? கீழ்த்தண்டு வந்திச்சா, கேளு! ஆகஸ்டு லீவுல நான் வாரேன், பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன்னு சொல்லு!" ஒவ்வொரு சொல்லும் எனக்கு விழுந்தது.

அக்கா ஃபோனின் வயரை இழுத்துக்கொண்டே மேஜை வரைக்கும் வந்துவிட்டாள். அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள். சிரிப்பும் அழுகையுமாக அவள் வாய் கோணியது.

"உன்னைத்தான் கேக்கான்! நெசம்மா! கீழ்த்தண்டு வந்திச்சான்னு கேக்கான்! ஆகஸ்டுல வாரானாம்! பிள்ளையக் கூட்டிட்டு வாரானாம்!"

அவர் அவள் உதட்டைக் கடைசிவரை படித்தார். ரிசீவரை அவர் காதில் வைத்தாள். அவர் மறுக்கவில்லை. மருத்துவர் சொன்னபடி இருக்கிற நோயாளி மாதிரி, அசையாமல், கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். "அப்பா! அப்பா!" என்று அது கத்தியது. பிறகு அதை மெல்ல எடுத்து அவள் கையிலேயே வைத்து, அந்தக் கையை மூடினார்.

"போதும்மா" என்றார். "உன் மேல எனக்குக் கோபம் இல்ல. இனி இது வேண்டாம்."

"ஐயோ, நெசம் மனுஷா! மாதா சத்தியமா! நித்தோ, நீ சொல்லு. நீ கேட்டேல்ல?"

நான் எழுந்தே விட்டேன். அவர் முகத்துக்கு நேராக நின்று, "நெசம் மேஸ்திரி! என் காதால கேட்டேன்! கந்தோல்ஃபோதான்! உங்களைத்தான் கூப்பிடுதான்!" என்று கத்தினேன்.

லிபோரியோ என் வாயைப் பார்த்தார். பிறகு, அன்று வண்டியில் பார்த்த மாதிரியே, கண்ணைப் பார்த்தார். எதையோ தேடிவிட்டு, விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"நீயும் நல்லவன்தான் நித்தோ" என்றார். "உட்காரு. பாஸ்தா ஆறுது."

சீஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். அக்காவின் மூடிய கைக்குள் இருந்து அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.